வாத்துப் படம் போட்ட பை

இந்த நிறத்துல வளையல் இருக்கா தாயி? பாத்துத் தொடுங்க, கையில குத்திரும். எல்லாம் துண்டு. முழுசா இருந்தா நான் எதுக்கு இப்படி ஓடி வரப்போறேன்.

பச்சைன்னு எடுத்துப் போட்டுராதீங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, நீலமும் தெரியும். மயில்கழுத்து நிறம். நடுவுல பொன்பொடி தூவுன மாதிரி ஒரு கோடு ஓடும். ரெண்டு ஆறு சைஸ். கைக்கு இருபத்தொண்ணு. அச்சு அசலா இதே மாதிரி வேணும். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கண்டுபிடிச்சிருவா. என் மக அப்படி.

பத்தரைக்கு வளைகாப்பு. அடுத்த தெருவுல வாசல்ல பந்தல் போட்டிருக்காங்களே, அந்த வீடு. நான் பொண்ணோட அப்பா. கோவில்பட்டியில இருந்து வர்றேன். வளையல் கொண்டு வர வேண்டியது நான்தான். இப்ப மணி ஒன்பதே முக்காலா? இருக்கு, நேரம் இருக்கு. நீங்க தேடுங்க. தேடிக்கிட்டே கேளுங்க.

அந்தப் பையைக் கீழ இறக்காதீங்க தாயி. கண்ணாடிப் பலகை மேலயே இருக்கட்டும். கனமாத்தான் இருக்கும்.

பேரப்பிள்ளைக்கான்னு கேக்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. பஸ்ஸுல கண்டக்டர்கூடக் கேட்டான், என்ன தாத்தா, பேரனா பேத்தியான்னு. வாத்துப் படம் போட்ட பையை அறுபத்திரெண்டு வயசுக்காரன் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தா வேற என்ன கேப்பான். இன்னும் பிறக்கலப்பான்னேன். பிள்ளை வர்றதுக்கு முந்தியே தாத்தா ரெடியாயிட்டாருன்னான். பஸ்ஸே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. உள்ள கேமரா இருக்கு. மூணு கேமரா, அஞ்சு லென்ஸ். பிலிம் போடுற பழைய கேமரா. இதை என் மககிட்டச் சொல்லிராதீங்க. அந்த வீட்டுக்கு வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் போட நீங்கதானே வளையல் கொடுத்திருக்கீங்க? அப்ப நீங்களும் ஒரு எட்டு அங்க போவீங்க. வாய் தவறிக்கூடச் சொல்லிராதீங்க.

மூணு மாசத்துக்கு முன்னால ரேணு போன் பண்ணா. ரேணுகான்னு பேரு, எங்களுக்கு ரேணு. ஒரே பொண்ணு. ரெண்டு வருஷமா என்கிட்ட நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான் பேச்சு. அன்னைக்கு அவளாக் கூப்பிட்டுச் சொன்னா. "அப்பா, வளைகாப்பு முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும்னு இருக்கேன். அம்மா இல்லாட்டியும் பரவாயில்ல, அத்தை வந்து கூட இருக்கேன்னு சொல்லுச்சு. ஆனா ரெண்டு விஷயம். அம்மா வாங்கி வச்ச வளையலைக் கொண்டு வாங்க. கேமராவைக் கொண்டு வராதீங்க. கேமராவோட வந்து நின்னீங்கன்னா நான் இங்கேயே பெத்துக்கிறேன்."

அம்மா வாங்கி வச்ச வளையல்னா இதுதான், இந்தத் துண்டுதான். இவ கல்யாணம் முடிஞ்ச மறுமாசமே திருச்செந்தூர்ல கடைகடையா ஏறி இறங்கி வாங்குனா சீதா, என் வீட்டுக்காரி. ஏன்டி, அதுக்குள்ளயான்னு கேட்டேன். நான் இருக்கேனோ இல்லையோ, வளையல் இருக்கட்டும்னா. பேச்சுக்குச் சொல்றான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட இருக்கல.

சரி, இப்ப நீங்களே சொல்லுங்க. கேமராவைக் கொண்டு வராதீங்கன்னா என்ன அர்த்தம்? அவ கண்ணுல படக்கூடாது. அதுதானே? கண்ணுல படாத ஒண்ணால அவளுக்கு என்ன இடைஞ்சல்? பின்னால ஆல்பமாப் போட்டுக் கையில கொடுத்தா அழுவா, சந்தோஷத்துல. அதனால எனக்கு வேண்டியது ஒரு பை. கேமராப் பை மாதிரித் தெரியாத கேமராப் பை.

மூணு மாசம் தாயி. மூணு மாசம் சோறு தண்ணியில மனசு போகல. முதல்ல மதுரைக்குப் போய் ஒரு கறுப்புத் தோள்பை வாங்கினேன். உள்ள மெத்துமெத்துன்னு தடுப்பு, பிச்சு எங்க வேணும்னாலும் ஒட்டிக்கலாம். நல்ல பை, குறை சொல்ல முடியாது. ஆனா தெருமுனையில திரும்பும்போதே கேமராக்காரன் வர்றான்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அடுத்தது முதுகுல மாட்டுறது. எடை ரெண்டு தோளுக்கும் பிரிஞ்சு சொகமா இருக்கும். ஆனா ஒரு லென்ஸ் வேணும்னா கழட்டித் தரையில வச்சு, மண்டி போட்டு, மொத்தமாத் திறக்கணும். பொம்பளைங்க கூடியிருக்கிற கூடத்துல நான் எங்க போய் மண்டி போட? அதுக்கப்புறம் அலுமினியப் பெட்டி. பஞ்சைக் குடைஞ்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குழி. அதைத் தூக்கிட்டு பஸ் ஏறினா எல்லாரும் ஒதுங்கி வழி விடுறாங்க, என்னமோ ஏதோன்னு. அதுவும் சரிப்படல. தைக்கிறவர்கிட்டப் போய் ஜோல்னாப் பைக்குள்ள ஸ்பாஞ்சு வச்சுத் தைச்சு வாங்கினேன். நடந்தா லென்ஸும் லென்ஸும் இடிக்குது. டிக் டிக்னு. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சுல இடிக்கிற மாதிரி இருக்கும்.

ஒண்ணு போதாதான்னு கேக்கிறீங்களா? சீதாவும் இதையேதான் கேப்பா. போதாது தாயி. பிலிம் ரோலைப் போட்டுட்டா முப்பத்தாறு படமும் எடுத்து முடியிற வரைக்கும் மாத்த முடியாது. வளையலைக் கலர்ல எடுக்கணுமா இல்லையா? முகத்தைக் கறுப்பு வெள்ளையில எடுத்தாத்தான் முகம். அதுக்கு ரெண்டு கேமரா. மூணாவது பெட்டி மாதிரி இருக்கும், இடுப்புல வச்சுக் குனிஞ்சு மேல இருந்து பாக்கிறது. நாம படம் எடுக்கிறோம்னே எதிர்ல இருக்கவங்களுக்குத் தெரியாது. ரேணுவை எடுக்க அதுதான் வழி.

நீங்க தேடுங்க. அந்த மேல் அடுக்குல பாத்தீங்களா?

இந்தப் பை கிடைச்சதைச் சொல்றேன். போன மாசம் சாத்தூர் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன். எதிர்ல ஒரு பொண்ணு, இடுப்புல குழந்தை. தோள்ல இதே பை. ஒரு கையாலதான் தாயி. பையைப் பாக்கக்கூட இல்ல அவ. பாட்டிலை எடுக்கிறா, துண்டை எடுக்கிறா, கிலுகிலுப்பையை எடுக்கிறா, வச்சதை வச்ச இடத்துல வைக்கிறா. ஒரு சத்தம் இல்ல. பாட்டில் அறைக்குள்ள வெள்ளி மாதிரி ஒரு துணி, சூடு உள்ள போகாது. பிலிமுக்குச் சூடு ஆகவே ஆகாது. எண்பத்தஞ்சு நம்பர் லென்ஸ், முகத்தைக் கிட்டக்கக் காட்டுறது, அது அந்த அறையில எப்படி உக்காரும்னு எனக்குக் கண்ணுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. எந்தக் கடையில வாங்கினம்மான்னு கேட்டுக்கிட்டு நேரா அங்க போயிட்டேன். அந்தக் குழந்தை ஆணா பொண்ணான்னு இப்ப நீங்க கேட்டாலும் எனக்குத் தெரியாது. பை அப்படி.

இவ்வளவு பாடு எதுக்குன்னு நினைப்பீங்க. நல்ல பை இல்லாம நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ரேணு கல்யாணத்துல என்ன ஆச்சு? கெட்டிமேளம் சொல்லியாச்சு. மாப்பிள்ளை கையில தாலி. என் கேமராவுல இருந்த லென்ஸ்ல மேடை முழுசும் விழும், முகம் சின்னதா இருக்கும். எனக்கு அவ முகம் வேணும். எண்பத்தஞ்சு லென்ஸ் பைக்கு அடியில கிடக்கு. அந்தப் பையில அறையே கிடையாது, எல்லாம் ஒரே குப்பல். குனிஞ்சு துழாவுறேன், துழாவுறேன், நிமிந்து பாத்தா எல்லாரும் அட்சதை போட்டு முடிச்சுட்டாங்க.

மண்டபத்துக்கு வந்திருந்த போட்டோக்காரர் அந்த நேரத்தை எடுத்திருந்தார். நல்ல படம். மாப்பிள்ளை தாலி கட்டுறார், சீதா கண்ணைத் துடைக்கிறா, நாலு பக்கமும் அட்சதை பறக்குது. ஓரத்துல ஒரு முதுகு. என் முதுகு. பைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறேன். அந்தப் படத்தைத்தான் ரேணு பெருசாக்கி இங்க வீட்டுல மாட்டியிருக்கா. ஓரத்தைக் கத்தரிச்சுட்டு மாட்டியிருக்கலாம். ஏன் கத்தரிக்கலன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

இதுல தப்பு யாரு மேல? பை மேலதானே?

சீதா விஷயத்துலயும் அப்படித்தான். மதுரை ஆஸ்பத்திரியில கிடந்தா. ஒரு வியாழக்கிழமை காலையில கொஞ்சம் தெளிஞ்சு எழுந்து உக்காந்தா. ஜன்னல் வெளிச்சம் கன்னத்துல விழுந்துச்சு. நாப்பது வருஷமாப் படம் எடுக்கிறேன், அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததில்ல. எங்க போறீங்கன்னா. இரு, இந்தா வந்துட்டேன்னேன். ஊருக்கு வந்து கேமராவை எடுத்துட்டுத் திரும்ப அரை நாள் போதும். வீட்டுல ரெண்டு மூணு பழைய பை. எதுல எதை வச்சு எடுத்துட்டுப் போறது? இதுல லென்ஸ் கொள்ளுது, கேமரா கொள்ளல. அதுல கேமரா கொள்ளுது, ஜிப் இல்ல. வைக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன். ஒரு பஸ் போச்சு. அடுத்த பஸ்ஸும் போச்சு.

நான் போய்ச் சேர்றப்போ முகத்தை மூடியிருந்தாங்க.

ரேணு பக்கத்துல நின்னா. எங்க போனீங்கன்னு கேக்கல. என் தோள்ல தொங்குன பையை மட்டும் பாத்தா. அன்னையில இருந்துதான் அந்த ரெண்டு வார்த்தைப் பேச்சு. நல்லதா ஒரே ஒரு பை இருந்திருந்தா நான் முதல் பஸ்ஸையே பிடிச்சிருப்பேன் தாயி. அவளுக்கு அதை எப்படிப் புரிய வைக்கிறது?

மணி பத்தாச்சா. இல்லையா, அந்த நிறம் இல்லவே இல்லையா? நல்லாப் பாருங்க. கும்பிட்டுக் கேக்கிறேன். உடைஞ்ச வளையலைக் கொண்டு போய் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி முன்னால வைக்க முடியுமா? அவ வரமாட்டா. இந்தத் தடவை வரலன்னா இனிமே எங்க வீட்டு வாசப்படியை அவ மிதிக்கவே மாட்டா. எனக்குத் தெரியும்.

எப்படி உடைஞ்சதுன்னா, எல்லாம் அந்த டிரைவரால. இல்ல, ஆட்டால. பந்தல்குடி தாண்டி ஒரு ஆட்டு மந்தை குறுக்க வந்துருச்சு. போட்டான் பாருங்க ஒரு பிரேக். வளையல் அட்டைப்பெட்டியோட மஞ்சப்பையில இருந்துச்சு. மேல கம்பித் தட்டுல வச்சிருந்தேன். மடியில ரெண்டு சாமான் வைக்காதீங்க, ஒண்ணை மேல வைங்கன்னு கண்டக்டர்தான் சொன்னான். நானா வைக்கல. மஞ்சப்பை கீழ விழுந்துச்சு, அது மேல எவனோ வச்சிருந்த எண்ணெய் டின் விழுந்துச்சு. அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னா? உக்காந்திருந்தேன். இந்தப் பை மடியில. பிரேக் போட்டதும் முன்னால நின்னவர் என் மேல சாஞ்சார். ரெண்டு கையாலயும் பையை இறுக்கிக்கிட்டேன். மஞ்சப்பை சரியிறது தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுச்சு தாயி, பொய் சொல்லல. கைக்கு எட்டுற தூரம்தான். இந்தக் கையை நீட்டியிருந்தா பிடிச்சிருக்கலாம்.

கை நீளல.

இந்தப் பைக்குள்ளயே வச்சிருக்கலாமேன்னு கேக்கிறீங்க. கேக்காம இருப்பீங்களான்னு பாத்தேன். வச்சிருந்தேன் தாயி. நேத்து அப்படித்தான் வச்சிருந்தேன். ரெண்டு பாட்டில் அறையிலயும் வளையல் போய் உக்காந்துச்சு, அதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. காலையில கிளம்புறப்போ பாத்தா எண்பத்தஞ்சும் நூத்தி முப்பத்தஞ்சும், அந்த ரெண்டு லென்ஸும் வெளியில நிக்குது. அதுக ரெண்டுக்கும் இடமில்ல. வளையல் கனமில்லாத பொருள்தானே, கையிலயே வச்சுக்கலாம்னு எடுத்துட்டேன். நான்தான் எடுத்தேன். கண்டக்டர் எடுக்கல.

என்ன சொன்னீங்க, முழுசா ஏழு கிடக்கா? எங்க, காட்டுங்க. விரிசல் இல்லையே? ஏழு. ஒத்தப்படைதான். ஏழு போதுமா? மீதிக்கு உங்ககிட்ட இருக்கிற பச்சையைச் சேத்துத் தர்றீங்களா? வேற நிறம்னு தெரியுமே. தெரியட்டும்னா எப்படி? நடந்ததைச் சொல்லிக் கொடுங்கன்னு சொல்றீங்க. சொல்லலாம். நீங்க சொல்றப்போ லேசாத்தான் இருக்கு.

பையைப் பத்தி என்ன?

திரும்பச் சொல்லுங்க. ம்.

ஆமா, குழந்தைப் பை. வாத்துப் படம் போட்டது. இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு நான் வாசல்ல நின்னா ரேணு என்ன நினைப்பா. பிள்ளைக்குத்தான் அப்பா வாங்கிட்டு வந்திருக்காருன்னு நினைப்பா. ஓடி வந்து வாங்குவா. எல்லார் முன்னாலயும் ஜிப்பைத் திறப்பா.

ஒரு மாசமா இந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன் தாயி. எந்த அறையில எது, எந்த ஜிப் எந்தப் பக்கம் திறக்கும், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இது மட்டும் எனக்குத் தோணவே இல்ல. சாமி சத்தியமாத் தோணல.

அந்த ஸ்டூலைப் போடுங்க, ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேன்.

இந்தாங்க. மூணு கேமரா. இது கறுப்பு வெள்ளை. இது கலர். பெட்டிக் கேமரா, மெதுவா வாங்குங்க, மேல கண்ணாடி. இது எண்பத்தஞ்சு. இது நூத்தி முப்பத்தஞ்சு, இவன்தான் எல்லாத்துக்கும் காரணம். சின்னது மூணு, பிலிம் ரோல் எட்டு. உங்க கடையில இருக்கட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். வளையலை அந்தப் பாட்டில் அறையில வைங்க. அம்மா வளையல் ஏழும் ஒரு அறையில, உங்க பச்சை இன்னொரு அறையில. பாத்தீங்களா, எப்படி உக்காருதுன்னு. இப்ப ஆட்டிப் பாருங்க. சத்தம் வருதா? வராது. பை அப்படி.

அந்தக் கலர் கேமராவை மட்டும் துண்டுக்குள்ள சுத்திக்கலாம். வேற லென்ஸ் ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு படம். வளையல் போட்ட கை மட்டும்...

வேண்டாம். எடுத்து உள்ள வைங்க. நானே திரும்ப வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க. அழுதாலும் கொடுக்காதீங்க. இன்னைக்கு வளைகாப்பு முடியிற வரைக்கும் நான் யாரோ நீங்க யாரோ.

எங்க வைக்கப் போறீங்க? அங்க வேண்டாம், வெயில் விழுது. அலமாரிக்கு அடியிலயா, அங்க ஈரம் இருக்கும், லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிரும். அந்த நடுத்தட்டு சரி. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. நடுவுல துணி போடுங்க. பின்பக்க மூடியைத் திறந்துராதீங்க, பிலிம் உள்ள இருக்கு, வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. பெட்டிக் கேமராவைப் படுக்க வைக்கக் கூடாது. ஆ, அப்படித்தான். துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து விடுங்க. சரி. மணி பத்தே இருபதா? போயிட்டு வர்றேன் தாயி. நீங்க நல்லா இருப்பீங்க.

*

தாயி. நான்தான்.

அலமாரியை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, கேமராவுக்கு வரல. சத்தியமா அதுக்கு வரல. மூச்சு வாங்குது, இருங்க.

அந்த வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். ரேணு உள்ள மணையில உக்காந்திருந்தா. நெத்தியில பொட்டு, தலை நிறையப் பூ. என்னைப் பாத்ததும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்தா. முதல்ல என் தோளைப் பாத்தா. அப்புறம் என் கையைப் பாத்தா. ரெண்டு கையும் வெறுங்கையா இருந்துச்சு. சிரிச்சா தாயி. ரெண்டு வருஷம் கழிச்சு என்னைப் பாத்துச் சிரிச்சா. கேமரா கொண்டு வரலையாப்பான்னா. இல்லடான்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நெசமாவே கொண்டு வரலையான்னு திரும்பக் கேட்டா. நெசமாவேன்னேன்.

அம்மா வளையல் எங்கப்பான்னா.

அதோ, கண்ணாடிப் பலகை மேலயே விட்டுட்டுப் போயிட்டேன். வச்ச இடத்துலயே இருக்கு பாருங்க, வாத்துப் படம். எடுத்துக் கொடுங்க தாயி. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா.